புதுச் செடி கரைகிறதா? பிடுங்கி எறியாதீர்கள்!

பகாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து சகோதரி ஒருவர் நான்கு பக்கத்திற்குக் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய கணவர் லாரி ஓட்டியவர். இனிப்பு நீர் வியாதியால் சென்ற ஆண்டு வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள். அன்று முதல் வீட்டோடுதான் இருக்கிறார். பொழுது போகட்டும் என்று மகன் சிரம்பானிலிருந்து இரண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி வந்து வைத்திருக்கிறார். சகோதரி தம்முடைய தையல் காசிலிருந்து எழுபது வெள்ளி எடுத்துக் கொடுத்து, ஆறு வகைச் செடி வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். கணவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாகத் தம் கையாலேயே நட்டாராம்.

பத்தாம் நாள் பார்த்தால், இலையெல்லாம் அளவுக்கு மீறி வெந்த கீரை போலக் குழைந்து கிடக்கிறதாம். தொட்டால் கையோடு வருகிறதாம். மகன் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் பிளாஸ்டிக் செடி வைக்கலாம் என்கிறார். கணவரோ, "இனி என் கை பட்டால் எதுவும் தழைக்காது" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். "கடைக்காரர் எங்களை ஏமாற்றிவிட்டாரா? இல்லை, உண்மையிலேயே இவர் கை ராசிதானா?" என்று கேட்கிறார் சகோதரி.

இதழ் வெளிவரும்வரை காத்திருந்தால் செடிகள் குப்பைத் தொட்டிக்குப் போய்விடும் என்று, அன்றைக்கே தபாலில் சுருக்கமாகப் பதில் எழுதிப் போட்டேன். 'பிடுங்க வேண்டாம். கடைக்காரர் ஏமாற்றவில்லை. கை ராசியும் இல்லை' என்பதுதான் பதில். ஏன் அப்படி என்பதை இங்கே விரிவாகச் சொல்கிறேன். இதே கவலையோடு ஜொகூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும்கூட அன்பர்கள் எழுதியிருக்கிறார்கள்.

மீன் கடையில் விற்கும் செடிகளில் பெரும்பாலானவை தண்ணீருக்குள் வளர்ந்தவை அல்ல. பண்ணையில் ஈரமான மேடையில், வேர் மட்டும் நனையும்படி, தலையைக் காற்றில் நீட்டிக்கொண்டு வளர்ந்தவை. காற்றில் வளர்த்தால் சீக்கிரம் பெருகும், பாசி பிடிக்காது, நத்தை சேராது, அனுப்பி வைப்பதும் எளிது. அதனால் பண்ணைக்காரர்கள் அப்படித்தான் வளர்க்கிறார்கள். இதில் மோசடி ஒன்றும் இல்லை. ஆற்றோரச் செடிகள் பலவும் காட்டிலேயே இப்படித்தான் வாழ்கின்றன. மழைக்காலத்தில் நீருக்குள்ளும், வெயில் காலத்தில் நீர் வற்றிய கரையிலும் இருந்து பழகியவை அவை.

ஆனால் காற்றில் முளைத்த இலை வேறு, நீரில் முளைக்கும் இலை வேறு. காற்றில் முளைத்தது தடித்திருக்கும். ஈரம் போய்விடாதபடி மேலே மெழுகு பூசினாற்போல் ஒரு தோல் இருக்கும். மூச்சு விடச் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். இதை அப்படியே தண்ணீருக்குள் அமிழ்த்தினால் அந்தத் தோலே அதற்கு எதிரி. செடிக்கு உணவான கரியமில வாயு, காற்றில் பரவுகிற வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் நீரில் பரவும். ஆகவே நீருக்குள் பிழைக்க வேண்டிய இலை மெல்லியதாக, தோல் இல்லாமல், உடம்பு முழுவதாலும் உறிஞ்சக்கூடியதாக இருக்க வேண்டும். செடிக்கு இது தெரியும். பழைய இலையைக் கைவிட்டு, அதில் இருக்கும் சத்தில் முடிந்ததை உள்ளே இழுத்துக்கொண்டு, புதிய இலையை உண்டாக்கப் பார்க்கிறது. நாம் பார்ப்பது பழைய இலையின் சாவை மட்டுமே. மண்ணுக்குள் நடக்கும் வேலை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கவைப்பது சுலபம். ரப்பர்க் கன்றை நாற்றுமேடையிலிருந்து நிரைக்கு எப்படிக் கொண்டுபோவார்கள்? ஒட்டுக் கட்டிய கன்றின் தலையை வெட்டிவிட்டு, ஓர் இலைகூட இல்லாத வெறும் கட்டையாகத்தான் கொண்டுபோய் நடுவார்கள். நான் சிறுவனாக இருந்தபோது, "இவ்வளவு பெரிய துரைக்கு இது செத்த கட்டை என்று தெரியவில்லையா?" என்று என் தந்தையைக் கேட்டிருக்கிறேன். சில வாரங்களில் ஒட்டு முளைத்ததைக் காட்டுவதற்கு என்னை நிரைக்கே அழைத்துப் போனார். நம் சகோதரியின் தொட்டியில் நடப்பதும் அதுதான். என்ன, இங்கே இலையை நாம் வெட்டவில்லை, செடி தானே உதிர்க்கிறது.

உயிர் இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இலையைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள். இலைகள் கிளம்புகிற அந்தக் குருத்துப் பகுதியை இரண்டு விரலால் மெல்ல அழுத்துங்கள். வாழைத்தண்டு போலக் கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கொழகொழவென்று நசுங்கி, முகர்ந்தால் சாக்கடை நாற்றம் அடித்தால் மட்டும் எடுத்து எறியுங்கள். வேர் வெள்ளையாகவோ வெளிர்பழுப்பாகவோ இருந்தால் நல்லது. கறுத்து நூல் போலப் பிய்ந்தால் கெட்டது. ஆனால் தினம் ஒரு தடவை வேரைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். பிடுங்கப் பிடுங்க, அது மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். என்னுடைய அனுபவத்தில் செடியைக் கொல்வது பெரும்பாலும் நம் ஆவல்தான்.

எல்லாச் செடியும் ஒரே மாதிரி கரைவதில்லை. இந்த விஷயத்தில் மிகவும் கோபக்காரன் கிரிப்டோகோரின். இது வெளிநாட்டுச் சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள். நம்முடைய காட்டோடைகளில், மரநிழலில் வளர்கிற செடிதான். தீபகற்பத்திலும் சரவாக்கிலும் பல வகை உண்டு. சிங்கப்பூரின் புக்கிட் தீமாவில் மட்டுமே காணப்படும் கலப்பினம் ஒன்றுகூட உண்டு. (அதற்காகக் காட்டுக்குப் போய்த் தோண்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். காட்டில் அவை அருகிவருகின்றன. பண்ணைச் செடிதான் நமக்கு ஏற்றது.) இடம் மாறினால், வெளிச்சம் மாறினால், தண்ணீர் மாறினால், ஏன், ஒரே தொட்டியில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போனால்கூட, ஒரே வாரத்தில் எல்லா இலையையும் கரைத்துவிடும். நோய் ஏதும் இல்லை. மண்ணுக்குள் இருக்கும் தண்டும் வேரும் சுகமாக இருக்கும். மூன்று வாரம், சில வேளை ஆறு வாரம் கழித்து நாலு விரற்கடை உயரத்தில் புதிதாகக் கிளம்பும். சகோதரியின் தொட்டியில் முதலில் குழைந்தவை இரண்டும் இந்தச் சாதிதான் என்று வர்ணனையிலிருந்தே தெரிந்துவிட்டது.

அமேசான் வாள் செடி இவ்வளவு நாடகம் ஆடாது. கடையிலிருந்து வரும்போது நீண்ட காம்பும் அகன்ற இலையுமாக இருக்கும். அவை ஒவ்வொன்றாக மஞ்சளாகி விழும். நடுவிலிருந்து வருகிற புது இலை நீளமாக, ஒடுங்கி, மென்மையாக இருக்கும். 'வேறு செடி முளைக்கிறதே' என்று நினைத்துவிட வேண்டாம். அதுதான் நீருக்கான இலை. ஹைக்ரோஃபிலா போன்ற தண்டுச் செடிகளில் கீழ் இலைகள் உதிர்ந்து, உச்சி மட்டும் பசுமையாக இருக்கும். அப்போது உச்சியை ஒரு சாண் நீளத்திற்கு வெட்டி மறுபடி நட்டுவிடுங்கள். நம் ஊர் வைத்தியத்தில் சொல்லும் நீர்முள்ளிக்கு இது நெருங்கிய உறவு. அதேபோல் கடையில் பாக்கோபா என்று சொல்லி விற்பதில் ஒரு வகை நம்முடைய நீர்ப்பிரமியேதான். பாட்டி காலத்து மருந்து இப்போது கண்ணாடித் தொட்டியில் அலங்காரமாக நிற்கிறது!

ஜாவா ஃபெர்ன் விஷயத்தில் சகோதரியின் வீட்டில் ஒரு தவறு நடந்திருக்கிறது. மற்றச் செடிகளைப் போல அதையும் மணலில் புதைத்துவிட்டார்கள். இது பாறையிலும் மரக்கட்டையிலும் ஒட்டி வளர்கிற சாதி. இஞ்சி போலக் கிடையாக ஒரு கிழங்கு இருக்கிறதே, அதைப் புதைத்தால் அழுகிவிடும். அனுபியாஸ் செடிக்கும் இதே விதி. எடுத்து, ஒரு கல்லிலோ கட்டையிலோ தையல் நூலால் சுற்றிக் கட்டிவிடுங்கள். நூல் இற்றுப்போவதற்குள் வேர் பிடித்துக்கொள்ளும். தையல்காரர் வீட்டில் நூலுக்கா பஞ்சம்?

இனி, புதிதாகச் செடி வாங்குகிறவர்களுக்கு.

கடையிலிருந்து வீடு வருவதற்குள்ளேயே பாதிச் செடி வெந்துவிடுகிறது. வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விடுவோம். அப்புறம் கை ராசியைப் பழிப்போம். செடியை நனைத்த செய்தித்தாளில் சுற்றி, பையில் காற்றடைத்துக் கட்டித் தரச் சொல்லுங்கள். பஸ்ஸில் வருகிறவர்கள் சன்னலோரம் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு வேலைகளை முதலில் முடித்துக்கொண்டு, செடியைக் கடைசியில் வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும், சின்னக் கூடையில் இருக்கும் செடியின் வேரைச் சுற்றி மஞ்சள் பஞ்சு மாதிரி ஒன்று இருக்கும். பாறையை உருக்கி இழைத்த பஞ்சு அது. அதைத் தண்ணீரில் அலசிப் பிய்த்து எடுத்துவிட வேண்டும். கட்டுச் செடியைச் சுற்றியிருக்கும் ஈயப் பட்டையையும் அவிழ்த்துவிடுங்கள். பட்டை இறுக்கிய இடத்தில்தான் தண்டு முதலில் அழுகும். நீண்ட வேரை இரண்டு விரற்கடை விட்டுக் கத்தரித்தால் போதும், புது வேர் வரும். ஒடிந்த இலை, மஞ்சள் இலை எல்லாவற்றையும் நடுவதற்கு முன்பே வெட்டிவிடுங்கள். குருத்து மணலுக்கு மேலே தெரியும்படி நடுங்கள். இப்போது சிறிய டப்பாவில், கூழ் மேல் வளர்ந்த திசு வளர்ப்புச் செடிகளும் வருகின்றன. விலை கூடுதல், நத்தைத் தொல்லை இல்லை. கூழை நன்றாகக் கழுவிவிட்டு, சிறு சிறு கொத்தாகப் பிரித்து நடவேண்டும். பார்க்கக் குழந்தை போல இருக்கும், சுபாவமும் அப்படியே.

நத்தை முட்டை, பூச்சி மருந்து இரண்டுக்கும் பயந்து, புதுச் செடியை ஒரு வாரமாவது தனி வாளியில் போட்டு வைக்கச் சொல்லுவார்கள். நல்ல யோசனைதான். பண்ணையில் அடித்த மருந்து இலையில் தங்கியிருந்தால் தொட்டியில் உள்ள இறால் குஞ்சு ஒன்றுகூட மிஞ்சாது. பெர்மாங்கனேட்டை இளரோஜா நிறம் வரும்வரை கரைத்து, பத்து நிமிடம் முக்கி எடுத்து அலசுவதும் உண்டு. ஆனால் நம் நாட்டில் இந்த வாளியில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. அசையாத தண்ணீர், நிழலான இடம், ஒரு வாரம்! ஏடிஸ் கொசுவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? முட்டையிலிருந்து கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். செடியைக் காப்பாற்றப் போய் வீட்டில் ஒரு பிள்ளையை டெங்கிக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிடக் கூடாது. மலேசியாவில் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சிங்கப்பூரில் தேசியச் சுற்றுப்புற வாரியத்து அதிகாரிகள் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். வாளியில் கொசுப்புழு இருந்தால், "செடிக்காக வைத்தேன்" என்பது பதிலாகாது. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரை மாற்றி, வாளியின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். மாற்ற முடியாதவர்கள் வாளியை நெருக்கமான வலைத்துணியால் இறுக மூடிக் கட்டிவிடுங்கள். பூச்சி மருந்துக்குப் பயமில்லாத செடியானால் இரண்டு கப்பி மீனை அதே வாளியில் விட்டால் போதும். புழுவை அவை பார்த்துக்கொள்ளும்.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாக. மலேசியாவில் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை அகலமான வாளியில் ஒருநாள் திறந்து வைத்தாலே குளோரின் பெரும்பாலும் போய்விடும். சிங்கப்பூர் அன்பர்கள் இதை நம்பி இருக்க வேண்டாம். அங்கே கலப்பது குளோராமின். அது ஒருநாள் வைத்தால் போகாது. கடையில் விற்கும் குளோரின் முறி மருந்தைச் சொட்டுக் கணக்கில் விட்டுத்தான் ஆகவேண்டும். தோட்டத்தில் குளத்து நீரையோ ஓடை நீரையோ எடுப்பவர்கள், பக்கத்தில் களைமருந்து அடித்த நாட்களில் எடுக்காதீர்கள்.

வெளிச்சத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். செடி வாடுகிறதே என்று விளக்கை இரவு பத்து மணிவரை எரிய விடுகிறார்கள். வாடிய செடியால் அந்த வெளிச்சத்தைப் பயன்படுத்த முடியாது. பாசி பயன்படுத்திக்கொள்ளும். முதல் மூன்று வாரம் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் போதும். புது இலை வந்தபின் எட்டு மணியாக்கலாம். தினமும் ஒரே நேரத்தில் போட்டு ஒரே நேரத்தில் அணைப்பது நல்லது. மேற்குப் பார்த்த ஐந்தடியில் தொட்டியை வைக்காதீர்கள். மாலை வெயில் பட்டால் தண்ணீர் பச்சையாகிவிடும், சூடும் ஏறிவிடும்.

கரைந்த இலையைத் தொட்டியில் கிடக்க விடக்கூடாது. அது அழுகும்போது அமோனியா உண்டாகும். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை குழைந்த இலையைக் கத்தரித்து எடுங்கள், இழுக்காதீர்கள். இழுத்தால் குருத்தும் சேர்ந்து வரும். முதல் இரண்டு வாரம், வாரத்துக்கு இரண்டு தடவை நாலில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். அப்புறம் வாரம் ஒரு தடவை போதும்.

உரம் போடலாமா என்று சகோதரியின் கடிதத்தில் அடிக்கோடிட்டுக் கேட்டிருந்தது. இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். எனக்குப் பதினான்கு வயது இருக்கும். ஒரு பழைய பிஸ்கட் தகரத்தின் ஒரு பக்கத்தை வெட்டிக் கண்ணாடி வைத்து, தார் பூசி ஒரு தொட்டி செய்திருந்தேன். அதில் பதினேழு கப்பி மீன், ஓடையிலிருந்து எடுத்து வந்த கொஞ்சம் ஹைட்ரில்லா. செடி மஞ்சளானது. தோட்டத்தில் கன்றுக்கு யூரியா போட்டால் ஒரே வாரத்தில் கரும்பச்சையாகிறதே என்று, ஸ்டோர் பக்கம் சிந்திக் கிடந்ததில் ஒரு கைப்பிடி அள்ளி வந்து போட்டுவிட்டேன். மறுநாள் மாலை பள்ளி விட்டு வந்து பார்த்தபோது பதினேழும் மிதந்தன. யூரியா தண்ணீரில் அமோனியாவாக மாறும் என்பதை நான் படித்துத் தெரிந்துகொண்டது எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு. அந்தத் தகரத்தை அப்புறம் என் அம்மா கோழிக்குத் தண்ணீர் வைக்க எடுத்துக்கொண்டார்.

ஆகவே தோட்டத்து உரம், பூச்செடி உரம் எதுவும் தொட்டிக்குள் போகக்கூடாது. மீன் தொட்டிக்கென்றே விற்கும் வேர் வில்லைகள் உண்டு. அதையும் செடி புது இலை விட்ட பிறகு, பக்கத்தில் மணலுக்குள் ஆழமாக ஒன்று பதித்தால் போதும். இலை இல்லாத செடிக்கு உரம் வைப்பது, காய்ச்சலில் கிடப்பவனுக்குப் பிரியாணி ஊட்டுவது மாதிரி. அப்புறம் ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்துப் பழைய இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. இலையில் ஊசி குத்தினாற்போல் ஓட்டை விழுந்தால் பெரும்பாலும் சாம்பல்சத்துக் குறைவு. புதிதாக வருவது வெளிறி இருந்தால் இரும்புச்சத்து. ஆனால் முதல் மாதத்தில் இந்தக் கணக்கெல்லாம் போடாதீர்கள். முதல் மாதத்தில் எல்லாமே மஞ்சளாகத்தான் இருக்கும்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வெட்டி எடுத்த செடியைக் கால்வாயிலோ குளத்திலோ கொட்டாதீர்கள். பகாங்கில் சினி ஏரி இருக்கிறதே, 2009ல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த ஏரி, அதில் தென்னமெரிக்காவிலிருந்து வந்த கபோம்பா செடி பரவி, அங்கிருந்த செடிகளை நெருக்கிவிட்டது. மீன் தொட்டியில் ஊசி ஊசியாக அழகாக நிற்கிறதே, அதே சாதிதான். வேண்டாத செடியை வெயிலில் காயப்போட்டு, வாழைக்கோ மிளகாய்க்கோ அடியில் போடுங்கள்.

ஏழு வாரம் கழித்துச் சகோதரியிடமிருந்து இரண்டாவது கடிதம் வந்திருக்கிறது. இந்தத் தடவை ஒன்றரைப் பக்கம்தான். கபோம்பா முழுவதும் போய்விட்டதாம். கிரிப்டோகோரின் இரண்டில் ஒன்று அழுகி நாற்றம் எடுத்ததால் எறிந்துவிட்டார்களாம். மற்றது ஐந்தாவது வாரம் மூன்று துளிர் விட்டிருக்கிறது. அமேசான் வாளில் புது இலை நான்கு. ஜாவா ஃபெர்னை அவரே கல்லில் வைத்து நூல் சுற்றிக் கொடுக்க, கணவர் முடிச்சுப் போட்டாராம். அதன் பழைய இலை நுனியில் குட்டிச் செடி ஒன்று முளைத்திருக்கிறது. இந்தக் கணக்கெல்லாம் கணவர் ஒரு பள்ளிக்கூட நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருப்பதைப் பார்த்து எழுதியதாம். காலையில் எழுந்ததும் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு முதலில் தொட்டியைத்தான் பார்க்கிறாராம்.

கடிதத்தின் கீழே வேறொரு கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: 'கப்பி குட்டி போட்டிருக்கிறது. எண்ணியதில் இருபத்திரண்டு. தாயே தின்கிறது. என்ன செய்வது?'

ஐயா, செடி அடர்ந்த மூலையில் மிதக்கும் பாசி கொஞ்சம் போட்டு வையுங்கள். குட்டிகள் ஒளிந்துகொள்ளும். தாய் மீனுக்குக் காலையிலேயே வயிறாரத் தீனி போட்டுவிடுங்கள். மற்றதை அடுத்த மாதம் விவரமாக எழுதுகிறேன்.